பின்பக்கத்து மடிப்புகள்

பத்தொன்பதாவது மடிப்பில் குண்டூசியைச் செருகும்போது படுக்கையறையிலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"ஊனா! கட்டத்தோட கட்டம் சேருதா?"

"சேருது."

"பச்சைக்கு அடுத்து நீலம்தானே வருது?"

"வேற என்ன வரும், ஆரஞ்சா?"

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டுகிற கில்ட் பாவாடையை முப்பது வருடமாகத் தைப்பவள் ஊனா; முன்பக்கம் தட்டை, மடிப்பெல்லாம் பின்பக்கம்தான். சமையலறை மேசையில் எட்டு கெஜம் கட்டம் போட்ட டார்டன் கம்பளி பரந்து கிடந்தது. ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி போன வாரமே மடித்து முடித்திருந்தாள். கணவன் லாக்லன் பார்த்துவிட்டு, இது பேண்டு வாசிக்கிறவன் உடுப்பு, எனக்கு வேண்டாம் என்றான். மடித்த பிறகும் கட்டங்கள் முறியாமல் ஓட வேண்டுமாம். அத்தனையையும் பிரித்தாள். படகுத்துறையில் கயிறு வீசியே நாற்பது வருடம் கழித்த மனுஷன். சவப்பெட்டியில் கட்டிக்கொள்ளப் புது கில்ட் கேட்கிறான்.

இடுப்பளவு வேறு. ஏப்ரலில் எடுத்தது நாற்பத்தோரு அங்குலம். அதன்பிறகு நோய் அவனைக் கரைத்துவிட்டது. நாடாவோடு போனால், "அதே அளவுதான். உடம்பு திரும்ப வந்துரும்" என்று போர்வையை இழுத்துக்கொள்வான். உடுப்பு சாவுக்கு; உடம்பு மட்டும் திரும்ப வருமாம்.

ஜன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவன் தங்கை பெகி எட்டிப் பார்த்தாள். "அண்ணி, அந்த ஓரம் கொஞ்சம் கோணலா இருக்கே."

"நீ வந்து மடிச்சுக் காட்டேன்."

"எனக்கென்ன தெரியும்? கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்."

"ஊனா! எத்தனை ஆச்சு?"

"வாயை மூடிக்கிட்டுப் படு லாக்லன்! உன் பின்பக்கத்தை எவன் பார்க்கப்போறான்?"

பதில் வரவில்லை. நிம்மதியாக நாலு மடிப்பு போட்டாள். ஐந்தாவதுக்குத் துணியை இழுத்தபோது அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள்.

டாக்டர் வந்து இறப்புச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அடக்க ஏற்பாடு செய்கிற நீல் வந்தார். மேசையையும் படுக்கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"துணி பெருசா இருந்தா பரவாயில்லம்மா. பின்னாடி வெட்டி, ரெண்டு பக்கமும் உள்ளே செருகிடுவோம். எல்லாருக்கும் அப்படித்தான். படுத்திருக்கிறவங்களுக்கு முன்பக்கம்தானே தெரியும்?"

"இந்தத் துணியில கத்திரி வெச்சுப் பாருங்க."

நீல் தொப்பியை எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை காலையில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

"அவர் சொல்றதும் சரிதானே அண்ணி," என்றாள் பெகி. "காலையில நீங்களும் அதையேதானே அண்ணன்கிட்ட..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஊனா நாடாவைத் தேடி எடுத்தாள்.

"வா. ஒரு கை பிடி."

பெகி அண்ணனின் இடுப்பைத் தூக்கினாள். அதற்குப் பெரிய பலம் வேண்டியிருக்கவில்லை. அளவெடுக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்து ஏமாற்றுகிற ஆள் அவன்.

"எக்காதே, லாக்லன்," என்றாள் ஊனா, பழக்கத்தில்.

பெகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முப்பத்துநாலு. ஊனா மேசைக்குத் திரும்பி முதல் மடிப்பிலிருந்து குண்டூசிகளை உருவத் தொடங்கினாள். ஏழு அங்குலத்தில் பாதி முன்பக்கத்தில் போனாலும், பின்னால் ஒவ்வொரு மடிப்பிலும் அரைக்கால் அங்குலம் குறைய வேண்டும், கட்டமும் முறியக்கூடாது. பெகி கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். ஒன்றும் கேட்காமல் துணியின் மறுமுனையைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.