'தூரமா?' என்று மட்டும் கேட்கும் கார்கள்

கீழப்பேட்டைக் கார்கள் எங்கே போக வேண்டும் என்று கேட்பதில்லை. முதன்முதலில் வந்த தானியங்கிக் கார்கள் வாய் கூசாமல் கேட்டன. போன காரியம் ஒன்றாவது விளங்கியதா? நிச்சயம் பண்ணப் போனவர்கள் சண்டை போட்டுத் திரும்பினார்கள். அப்புறம் வந்த கார்கள் நாகரிகம் தெரிந்தவை. "தூரமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையைப் பார்க்கும். தாம்பூலத் தட்டு இருந்தால் கல்யாண வீடு, பிளாஸ்க் இருந்தால் ஆஸ்பத்திரி.

சண்முகவடிவு பிளாஸ்க்கோடுதான் ஏறினாள். மகள் சுபாவுக்குப் பிரசவ வலி. பிள்ளை பிறந்ததும் நாக்கில் சீனித் தண்ணியைத் தொட்டுச் சேனை வைக்க வேண்டும். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடும். சம்பந்தியம்மாள் முந்திக்கொண்டால் போச்சு! அந்த அம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம். காப்பி ஆறிப்போனாலும் சம்பந்தமே வேண்டாம் என்பாள்.

"தூரமா?" என்றது கார்.

"பக்கந்தான்."

அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் மாடியிலிருந்து, "எங்கட்டி போறே?" என்று கத்தினார்.

தெருவே ஆடிப்போனது. எதிர்வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். சண்முகவடிவு காருக்கு வெளியே தலையை நீட்டினாள். "அடப்பாவி மனுசா, கேக்கற கேள்வியா இது!"

சகுனம் கெட்டால் செய்ய வேண்டியதைக் கார் செய்தது. படியேறி வீட்டுக்குள் வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்தது. அவசரப்படுத்தினால் இன்னொரு செம்பு கேட்கும். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள்.

அவள் ஆஸ்பத்திரி வார்டுக்குள் ஓடியபோது சம்பந்தியம்மாள் சீனித் தண்ணிக் கிண்ணமும் கையுமாக விக்கித்துப்போய் நின்றாள்.

"பொம்பளைப் பிள்ளை, மதினி. நான் மூடியத் திறக்கறதுக்குள்ள, என்னைக் கூட்டி வந்த கார் உள்ள வந்து சேனைய வச்சிருச்சு."

ஐயோ, காரா! சண்முகவடிவு தலையில் கை வைத்துக்கொண்டாள். இதற்குக் கோபக்காரியே தேவலை என்று தோன்றிவிட்டது.

தொட்டில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, பிள்ளையக் காணுமே?"

சுபா அலுப்போடு கண்ணைத் திறந்தாள். "அடுத்த வார்டுல ரெண்டு பேர் டிஸ்சார்ஜ்மா. அவங்களை பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிடப் போயிருக்கா."

"பச்ச மண்ணு," என்றாள் சண்முகவடிவு. "மெதுவாப் போகச் சொன்னியா?"