றோசமேரி அக்கா அழுத படம்

தூ! அந்தப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. மூன்று பெரிய கதாநாயகர்கள், இரண்டு கதாநாயகிகள், மந்திரிக்குப் பின்னால் ஐம்பது கார். இதே கதையில் முன்பு வந்த பழைய படத்தில் ஒரேயொரு ஒல்லி வாத்தியார்தான் அரசாங்கத்தை எதிர்த்து நின்றார். அவர் செத்த காட்சியைப் பார்த்த அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. அதையே திரும்ப எடுக்கப் போகிறோம் என்று, இலங்கையில் சண்டை முடிந்து ஐந்தாம் வருடம் இந்தியாவிலிருந்து படக் கம்பனிக்காரர்கள் எங்கள் கடற்கரை ஊரான கண்டக்குழியில் வந்து இறங்கினார்கள்.

புதுப் படத்தில் அந்த வாத்தியார் பெரிய தலைவர்; அவர் பிணத்தைச் சுற்றியிருந்து அழ முப்பது பெண்கள் வேண்டுமாம். ஆள் சேர்த்துக் கொடுத்தது நான்தான். மாட்டேன் என்ற என் அக்கா றோசமேரியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அக்காவின் மகன் கிளைட்டன் கடலுக்குப் போய் அப்போது நாலு வருடம். வள்ளம் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் உடம்பு கரைக்கு வரும்வரை ஒப்பாரி வைப்பதில்லை. வைத்தால், அவன் இனி வரமாட்டான் என்று தாயே சொன்ன மாதிரி. ஆகவே அக்கா நாலு வருடமாக வாய்விட்டு அழவேயில்லை. பூசைக்குப் போவாள், கருவாடு காயப்போடுவாள், அவ்வளவுதான்.

அன்று பாடையருகே உட்கார்ந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"என்ட கிளைட்டன், தண்ணிக்குள்ள எப்பிடி ராசா கிடக்கிறாய்? உன்ட தலைமாட்டில ஆர் ராசா இருக்கினம்?"

இயக்குநர் நிறுத்தச் சொன்ன பிறகும் அவள் நிறுத்தவில்லை. மற்ற இருபத்தொன்பது பேரும் நடிப்பை மறந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதோம். இதுதான் படத்தின் உயிர் என்று இயக்குநர் அக்காவைக் கும்பிட்டார்.

"செத்த வீடுதான் நடக்கேல்ல, யூஜினி," என்று வரும் வழியில் அக்கா சொன்னாள். "நான் அவன்ட பேரச் சொல்லி அழுதது எண்டாலும் படத்தில கிடக்கும். எனக்கு அதுவே காணும், போதும்."

அடுத்த வருடம் படம் சிலாபத்துக்கு வந்தது. கல்பிட்டி சுஹைர் ஓட்டும் வாடகை வான் வண்டியில் பதினாறு பேர் போனோம். அக்கா வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள்.

படம் வந்த இரண்டாம் நாளே கொட்டகையில் அரைவாசிக் கதிரை காலி. இருந்தவர்களும் நாயகர்கள் வசனம் பேசப் பேச ஊளையிட்டார்கள். கடைசியில் தலைவர் செத்தார். பாடையில் கிடந்தவரின் தொந்தி ஏறி இறங்கியது.

"டேய், சவம் மூச்சு விடுது!" என்று ஒருவன் கத்தினான்.

கொட்டகையே சிரித்தது. வெட்கக்கேடு, நானும் சத்தமாகச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துத் திரையில் அக்காவின் முகம் வந்தது. வாய் கிளைட்டன் என்று அசைகிறது. கேட்டதோ எவளோ ஒருத்தியின் குரல்: "தலைவா, எங்களை விட்டுட்டுப் போயிட்டியே தலைவா!" சிரிப்பு இன்னும் கூடியது.

வெளியே வந்து, நாசமாய்ப் போவார்கள் என்று மண்ணை வாரித் தூற்றினேன்.

"அஞ்சு பெரிய ஆக்களப் போட்டும் இவ்வளவு கேவலமா ஒரு படமா?" என்று சுஹைர் தொடங்கினான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வானை எடுத்தான்.

வழியில் முந்தல் ஊரைத் தாண்டினோம். அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"உசிரோட இருப்பான் எண்டுதான் நாலு வருசமும் வாய மூடிக்கொண்டு இருந்தனான். அண்டைக்கு ஒப்பாரி வைச்சு நானே அவனச் சாகக் குடுத்திட்டன். ஆருக்கு அழுதனான் எண்டு இனி ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் கையைப் பிடித்தேன். மெதுவாக விலக்கிக்கொண்டாள்.

"நீயும் சிரிச்சாய், என்ன?"

"ஓம் அக்கா."