பரிசோதனைக்கு ஒரு நல்ல பையன்

உமாராணி நர்ஸிங் டிகிரியில் சேர்ந்த செய்தியை, குவைத்தில் மங்காஃப் பகுதித் தமிழர்கள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது மனவளர்ச்சி குன்றியவர்களைப் பராமரிக்கும் தனிப்படிப்பு என்று தெரிந்த பிறகுதான் வேடிக்கை ஆரம்பித்தது. "பாவம், நல்ல பொண்ணு. வேற சீட் கிடைக்கலையா?" என்று உச்சுக்கொட்டியவர்கள், கொட்டிய கையோடு தங்கள் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். போன தடவை கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவன் இந்தத் தடவை தொண்ணூற்றிரண்டுதான் வாங்கியிருக்கிறான், மூளையில் ஏதாவது குறையா என்று சிஸ்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தாய், தன் ஆறு வயது மகள் அதிபுத்திசாலி என்று கிளினிக் லெட்டர்பேடில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். பகலெல்லாம் கிளினிக்கில் ஊசி போட்டுவிட்டுச் சாயங்காலம் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்த உமாராணிக்கு இவர்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் சிரித்துத்தான் அனுப்பி வைப்பாள்.

அவளுக்கு வேண்டியது தொண்ணூற்றிரண்டு வாங்கிய பிள்ளை இல்லை. கடைசி ஆண்டில், உண்மையிலேயே குறைபாடு உள்ள ஒருவரின் வீட்டுக்கு அறுபது மணி நேரம் போய், அன்றாட வேலை ஏதாவது ஒன்றை அவர் தானாகச் செய்யும்படி பழக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்து பார்த்து மார்க் போடுவார்கள். குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும். இதில் தவறினால் திரும்ப எழுதவும் வழியில்லை. அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் குவைத் கிளையை 2007-ஓடு மூடப்போவதாக அறிவித்துவிட்டது. மூன்று வருடப் படிப்பு இந்த ஒரு வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அப்படி ஒருவர்கூட மங்காஃபில் இல்லையாம். அவள் கேட்ட வீடுகளிலெல்லாம் கிட்டத்தட்டச் சத்தியமே செய்தார்கள்.

இந்த லட்சணத்தில் தமிழ்ச் சங்கம் அவளுக்குப் பொன்னாடை வேறு போர்த்தியது. போர்த்தியவர் சங்கத் தலைவர் அனந்தகிருஷ்ணன், எண்ணெய்க் கம்பெனியில் பெரிய உத்தியோகம். மைக் கையில் கிடைத்தால் சாமானியத்தில் விடமாட்டார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் தெய்வத்தின் சொந்தப் பிள்ளைகள் என்று இருபது நிமிடம் பேசி, இரண்டு இடத்தில் தொண்டை தழுதழுத்தார். கூட்டம் கைதட்டியது. உமாராணியும் தட்டினாள்.

அடுத்த வாரம் அவர் மனைவி ஜெயமணி பிரஷர் பார்க்க கிளினிக்குக்கு வந்தாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே, சுவரைப் பார்த்தபடி, "சிஸ்டர், எங்க வீட்ல ஒண்ணு இருக்கு" என்றாள்.

"என்னக்கா இருக்கு?"

"மூத்தவன். வாசுன்னு பேரு. இருபத்திமூணு வயசு."

உமாராணி எட்டு வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறாள். அங்கே ஒரே ஒரு மகன்தான், கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கும் ஜெயசீலன், என்றே ஊர் முழுவதும் அறியும். விருந்தாளி வந்தால் உள்ளறையில் டி.வி. ஏன் அத்தனை சத்தமாக ஓடுகிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பிரஷர் ஜெயமணிக்கு ஏறியிருந்ததா தனக்கு ஏறியதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அனந்தகிருஷ்ணன் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. பில்டிங்கில் யார் கேட்டாலும், ஜெயமணிக்கு இந்தி சொல்லிக்கொடுக்க வருவதாகத்தான் உமாராணி சொல்ல வேண்டும். ஆக இரண்டு மாதம் ஜெயமணி இந்தி படித்தாள், வாசு தேநீர் போடப் படித்தான்.

பதினான்கு படம் வரைந்து சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினாள் உமாராணி. சிலிண்டரைத் திற, அடுப்பைப் பற்றவை, இத்தனை தம்ளர் தண்ணீர், இத்தனை ஸ்பூன் தூள். வாசு நாலாவது படத்தில் பத்து நாள் நின்றான். தூளைக் கொட்டினான், விரலைச் சுட்டுக்கொண்டான், ஒரு நாள் கோபத்தில் படங்களை எல்லாம் கிழித்துவிட்டு, மறுநாள் அவனே பசை டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினான். ஐம்பதாவது மணி நேரத்தில், யாரும் சொல்லாமல், ஒரு தம்ளர் தேநீர் போட்டு அம்மாவிடம் கொடுத்தான். ஜெயமணி அதைக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "குடிம்மா, ஆறிடும்" என்று வாசு அதட்டினான்.

பரிசோதனை நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மதிப்பெண் போட வந்தவர் ஷம்சாத் மேடம், ஹைதராபாத்காரர், முப்பது வருட அனுபவம், சிரிப்பு மட்டும் கம்மி. கதவைத் திறந்ததும் உமாராணி வாசுவைத் தேடினாள். ஹாலில் சோபாவின் நடுவே, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையும் கழுத்துவரை பொத்தானிட்ட சட்டையுமாக, லீவுக்கு வந்திருந்த ஜெயசீலன் உட்கார்ந்திருந்தான். உள்ளறையில் டி.வி. அலறியது.

அனந்தகிருஷ்ணன் அவளை ஓரமாக இழுத்தார். "சிஸ்டர், பதறாதீங்க. நான் படிச்ச ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன்னா, மக்குப் பசங்கள வீட்டுக்கு அனுப்பிட்டு நல்லாப் படிக்கிறவன முன்னாடி உக்கார வைப்பாங்க. உங்களுக்கு ஃபுல் மார்க் வரணும் இல்லையா? ஃபைல்ல பேரும் கிடையாது, போட்டோவும் கிடையாது."

கிடையாதுதான். குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அப்படி ஒரு விதி; கடைசியில் குடும்பத்தார் கையெழுத்துப் போடும் தாளில்தான் பெயர் வரும். அது இப்படியும் உதவும் என்று பல்கலைக்கழகம் யோசித்திருக்காது. வாயைத் திறந்தால் அந்த வீட்டின் இத்தனை வருட ரகசியம் சந்தி சிரிக்கும். திறக்காவிட்டால் அவள் செய்வது மோசடி. எதைச் செய்வது என்று அவள் முடிவெடுப்பதற்குள் மேடம் வேலையைத் தொடங்கிவிட்டார்.

"தேநீர் போடுவாயாமே. போட்டுக் காட்டு பார்க்கலாம்" என்றார் ஆங்கிலத்தில்.

ஜெயசீலன் சமையலறைக்குப் போனான். பிறந்து இருபது வருடத்தில் அவன் அங்கே போனதெல்லாம் ஃபிரிட்ஜ் வரைக்கும்தான். அடுப்புக் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தான். சிலிண்டரைத் திறக்க வேண்டும் என்பது அவனுடைய ஆறு செமஸ்டரில் எதிலும் வரவில்லை. தாங்க முடியாமல் ஜெயமணி ஓடிப்போய்த் திறந்தாள். மேடம் கையமர்த்தினார், எழுதிக்கொண்டார். எதிரே பதினான்கு படமும் வரிசையாக ஒட்டியிருந்தன. ஜெயசீலன் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. வெறும் பாலை அடுப்பில் வைத்தான், தேயிலைக்குப் பதில் கடுகை அள்ளிப் போட்டான்.

"உன் சட்டையை யார் அயர்ன் செய்வது?"

"மம்மி."

"படுக்கையை யார் மடிப்பது?"

"மம்மி."

"உன் ரத்த வகை?"

"மம்மிக்குத் தெரியும்." அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடம், ஐ'ம் டூயிங் இன்ஜினீயரிங்! தேர்டு இயர்!"

மேடம் முதன்முறையாகக் கனிவோடு சிரித்தார். "சரி கண்ணா, சரி" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, பையனுக்குத் தன்னைப் பற்றி மிகையான கற்பனை உண்டு என்று எழுதினார். அனந்தகிருஷ்ணனிடம் திரும்பி, "மனம் தளராதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் மெதுவாகத்தான் வருவார்கள்" என்றார். சங்கத் தலைவரின் முகம் போன போக்கைப் பார்த்து உமாராணிக்குச் சிரிப்பு வந்திருக்கும், அவளுடைய டிகிரி அங்கே மூழ்கிக்கொண்டிருக்காவிட்டால்.

அதற்குள் பால் பொங்கி வழிந்து கருகியது. அடுப்பில் சிந்திய கடுகு படபடவென்று வெடித்தது. உள்ளறைக் கதவு திறந்தது.

வாசு யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் அடுப்பை அணைத்தான், பாத்திரத்தைத் தொட்டியில் போட்டு ஊறவைத்தான், தம்பியை இடுப்பில் இடித்து நகர்த்தினான். பிறகு ஹாலை எட்டிப்பார்த்து, தம்பியையும் தன்னையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு... ஆறு." படத்தில் விரல் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினான்.

ஷம்சாத் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "யார் இந்தப் பையன்?"

அனந்தகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். மேடையில் இருபது நிமிடம் பேசிய தொண்டை அது. "வீட்டு வேலைக்கு இருக்கான்" என்றார் ஆங்கிலத்தில்.

உமாராணி கண்ணை மூடிக்கொண்டாள். பதினான்காவது படம் முடிந்ததும் வாசு தட்டில் தம்ளர்களை அடுக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தளும்பாமல் நடந்து வந்தான். விருந்தாளிக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று உமாராணி சொல்லித் தந்ததை மட்டும் மறந்துவிட்டான். நேரே அனந்தகிருஷ்ணனிடம் போனான்.

"அப்பா, சூடு. ஊதிக் குடிங்க."

மேடத்துக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் ஜெயமணி எழுந்து நின்றாள். "என் மூத்த பிள்ளை" என்றாள். "நான் பெத்த பிள்ளை. வேலைக்காரன் இல்ல. சொல்லுங்க சிஸ்டர், அந்தம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

உமாராணி சொன்னாள். ஜெயமணி சொன்னதைச் சொல்லி, அதோடு நிறுத்தாமல், இந்த ஃபைலில் இருப்பவன் இவன்தான், சோபாவில் உட்கார்ந்திருந்தவன் இல்லை, அது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னாள். டிகிரி போனால் போகட்டும் என்றிருந்தது.

மேடம் தேநீரை ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். எழுதியிருந்த தாளை நீளவாக்கில் கிழித்தார். "நீ பேசாமல் நின்றதற்குப் பத்து மார்க் குறைப்பேன்" என்றார் உமாராணியிடம். "மீதியைக் குறைக்க இந்தத் தேநீர் விடாது." பிறகு ஜெயசீலனைப் பார்த்து, "இவனுக்கும் யாராவது அறுபது மணி நேரம் ஒதுக்கினால் நல்லது" என்றார்.

புதுத் தாளை அனந்தகிருஷ்ணன் முன் நகர்த்தினார். பராமரிக்கப்படுபவரின் பெயர், கையெழுத்திடுபவரின் உறவுமுறை. வருடத்துக்கு நூறு பாராட்டுச் சான்றிதழில் ஓடும் ரயிலாகக் கையெழுத்துப் போடுகிற மனிதர் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாசு தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எழுதுங்க" என்றாள் ஜெயமணி.

அவர் வாசுவின் பெயரை எழுதினார். உறவுமுறை என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். தகப்பன் என்று அவர் எழுதி முடிப்பதற்குள் அவருடைய தேநீர் ஆறிப்போயிருந்தது. வாசு அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சூடாக்கிக்கொண்டு வந்தான்.