இரண்டாவது குழாய்

திருப்புளியை வைத்து அழுத்தியதும் அது குழாய்க்குள் பிடிவரை இறங்கிவிட்டது. துருவும் பழுப்புத் தண்ணீரும் பெரியவரின் சட்டைக் கைக்குள் ஓடின.

“பாவி, கொன்னுட்டானே” என்றார், வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி.

படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே வைத்த பழைய வேன். தம்பியுடையது. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். சூட்டைத் தணிக்கும் தண்ணீர் போக ஒன்று, வர ஒன்று என்று அடிவயிறு நெடுக இரண்டு குழாய்கள். நேற்று நடுப்பகலில் ஏற்றச் சாலையில் வேன் கொதித்து நின்றது. தம்பி கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடி நடந்தான். வெயிலில் நெஞ்சு நின்றுவிட்டது. வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் விட்டிருந்தார்கள். இப்போது கூடத்தில் கிடக்கிறான். நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.

வந்தவனெல்லாம், தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு அலைந்து அலட்சியத்தால் செத்தான் என்கிறான். பெரியவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. நாலு மாதம் முன்பே குழாய் மாற்ற மெக்கானிக்கிடம் விட்டானே! யாருடைய அலட்சியம் என்று தம்பியை எடுப்பதற்குள் அத்தனை பேருக்கும் தெரிந்தாக வேண்டும்.

ஒரு குழாய் புதுசு, எவர்சில்வர். மற்றது பழைய இரும்பு, மேலே கறுப்புப் பெயிண்ட். சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

துவைத்த சட்டை போட்டுக்கொண்டு மெக்கானிக் உள்ளே வந்தான். பெரியவர் ஊர்ந்து வெளியே வந்தார்.

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுடா வந்தே? ஒண்ண மாத்திட்டு ஒண்ணுக்கு மை பூசி விட்டிருக்கியே! பொணத்துக்குப் பவுடர் போடுறவன்கூட இதவிட ஒழுங்கா வேலை பாப்பான்!”

“ஐயா, சாவு வீடு. அப்புறம் பேசுவோம்.”

“அப்புறம் என்னடா அப்புறம்? அவன் எந்திரிச்சு வந்து கேப்பானா? ரெண்டையும் ஏன் மாத்தல? சொல்லு!”

மெக்கானிக், கூடத்து வாசலில் நின்ற தம்பி மனைவியைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

“என் தப்புதான்யா.”

“கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?” பெரியவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசினார். “அலட்சியமாம்! யாருக்குடா அலட்சியம்?”

“அண்ணே, நீங்க ஏன் பொய் சொல்றீங்க?”

தம்பி மனைவி மெக்கானிக்கிடம்தான் கேட்டாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

“மாமா, இவரு ரெண்டு குழாயும் வாங்கி வச்சிருந்தாரு. நீங்கதான் உங்க தம்பிகிட்ட, ரெண்டு கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக் சொன்னா ஒண்ணுதான் கெட்டிருக்கும், இன்னொண்ணுக்கு நீயே பெயிண்ட் அடின்னீங்க. துருப்பிடிக்காம இருக்க இவரு ஊத்தின கூலன்ட்ட, சாயத் தண்ணி, ஏமாத்து வேலைன்னீங்க. அவரு அத வடிச்சிட்டு வீட்டுத் தண்ணிய ஊத்தினாரு. உள்ளேர்ந்து அரிச்சிடும்னு இவரு தலையில அடிச்சிக்கிட்டாரு. உங்க தம்பிதான், எங்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாரு.”

பெரியவர் வாயைத் திறந்தார். சொன்னதுதான். எல்லாரிடமும் சொல்வதுதான். டாக்டரைப் பற்றி, வக்கீலைப் பற்றி, மெக்கானிக்கைப் பற்றி. நாற்பது வருஷமாகச் சொல்லி ஒரு பயல் கேட்டதில்லை.

“இருந்தாலும்… இவன் வண்டிய வெளிய விட்டிருக்கக் கூடாதில்ல?” என்றார்.



தெருவில் சவ வண்டி வந்து ஹார்ன் அடித்தது. “வாசல மறிச்சுக்கிட்டு நிக்குதே, இத நகத்துங்கப்பா” என்றான் ஓட்டுநர்.

யாரோ ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். மெக்கானிக் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான். பெரியவரும் பக்கத்தில் போய் நின்று தோளைக் கொடுத்தார். மெக்கானிக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டான்.

“மெதுவா, பெரியவரே.”

வேன் அசைந்தது. உள்ளே அலமாரியில் தம்பியின் இரண்டு தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. பெரியவர் தள்ளுவதை நிறுத்தினார்.

பிறகு, அவை இடிக்காத அளவுக்கு மெல்ல, மிக மெல்லத் தள்ளத் தொடங்கினார்.