வெளியூரில் இருக்கும் அப்பா

“அப்பா எங்களோட இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்ப வராந்தாக் கொடியில காயுற சட்டை யாரோடது?”

கேட்டவர் கல்லூரி உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வீடு பார்த்துச் சரிபார்க்க வந்திருந்த அலுவலர். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைத் தொடாமல், மடியில் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

சான்றிதழ்களை எடுத்துவர உள்ளே போயிருந்த மகள் வாசற்படியை எட்டுவதற்குள் அம்மாக்காரி பதில் சொல்லிவிட்டாள்.

“அவரோடதுதாங்க. வெளியூர்ல வேலை. ஞாயித்துக்கிழமைதான் வந்துட்டுப் போனாரு.”

“என்ன வேலை?”

“பெயிண்ட் கம்பெனியில ஏரியா மேனேஜர்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அதற்குள் அலுவலர் எழுதியே விட்டார்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. அந்தக் குடியிருப்பு முழுக்க அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடும். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கணவன் இன்னொருத்தியோடு போய்விட்டான். போன இடம் ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை, ஒரே பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ஆனால் வெளியே தெரிந்தால் குடும்ப மானம் என்னாவது என்று கணவனின் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர்தான் ‘வெளியூர்ல வேலை’ என்ற வசனத்தை எழுதிக் கொடுத்தவர். அவர் மனைவி அதோடு நிற்காமல் இரண்டு பழைய சட்டைகளையும் கொடுத்தனுப்பினாள். வாரம் ஒரு தடவை துவைத்து வெளியே காயப்போட்டால் பார்க்கிறவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அந்த அம்மாளின் யோசனை.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரி வாராவாரம் யாரும் போடாத சட்டைக்கு சோப்புப் போட்டாள். யார் எதைக் கேட்டாலும் ‘வெளியூர்’ என்று அவள் நாக்கு தானாகச் சொல்லிவிடும். பொய்யையும் சும்மா வைத்திருக்க முடிகிறதா? அதற்கும் அவ்வப்போது தீனி போட வேண்டியிருந்தது. கணக்கெழுதும் குமாஸ்தாவாகப் போனவனை அவளே சூப்பர்வைசர் ஆக்கினாள். பிறகு மேனேஜர் ஆக்கினாள். போன வருஷம் எதிர்வீட்டுக்காரி தன் தம்பிக்கு உத்தியோக உயர்வு வந்ததைப் பெருமையடித்தபோது, பதிலுக்கு இவளும் அவனை ஏரியா மேனேஜர் ஆக்கிவிட்டாள். அந்த மனுஷனுக்கே தெரியாமல் அவன் இவ்வளவு உயரத்துக்கு வந்திருந்தான்.

“சார், அவர் இங்க வர்றதே இல்ல சார்” என்றாள் மகள். “எனக்கு எட்டு வயசுல போனவர். ஒரு பென்சில் வாங்கிக் குடுத்ததில்ல.”

அலுவலர் மகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வெளியே சட்டையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“நீங்க ஒண்ணு சொல்றீங்க, அம்மா ஒண்ணு சொல்றாங்க, கொடி ஒண்ணு சொல்லுது. நான் எதைம்மா எழுதறது?”

பிறகு அவர் விதியைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்பாவின் வருமானம் வரம்பைத் தாண்டினால் உதவித்தொகை கிடையாது. ஏரியா மேனேஜர் என்றால் தாண்டத்தான் செய்யும். அப்பா விட்டுவிட்டுப் போனவர் என்றால் அவர் வருமானம் கணக்கில் சேராது. ஆனால் அதற்கு அப்பாவின் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எழுதித்தர வேண்டும், இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் நேரில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி இந்தப் பக்கம் வருவேன். அதுக்குள்ள ஏற்பாடு பண்ணிடுங்க. விட்டா இந்த வருஷம் அவ்வளவுதான்” என்று எழுந்தவர், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “விதவைன்னா ஒரே சர்டிபிகேட்ல வேலை முடிஞ்சிருக்கும்” என்றார்.

“அவருக்கு சுகர்கூட இல்லைங்க” என்றாள் கண்ணாடிக்காரி. சொன்ன பிறகு அது குறைப்பட்டுக்கொண்டது போலத் தொனித்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அலுவலர் படியிறங்கிப் போனதும் மகள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

“உனக்கு என்னம்மா ஆச்சு? ஃபார்மசி காலேஜ்ல சீட்டு கிடைச்சாச்சு. ஃபீஸுக்கு இது ஒண்ணுதான் வழி. இப்ப வந்து அவரை மேனேஜர்ங்கற.”

“வாய் தவறி வந்துடுச்சுடி.”

“வாய் தவறினா கிளார்க்குன்னு வரக்கூடாதா? ஏரியா மேனேஜர்னா வரும்? கொஞ்சம் விட்டிருந்தா கம்பெனியையே அவர் பேருக்கு எழுதி வெச்சிருப்ப.”

கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மகள் தொலைத்துவிடுவாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ராத்திரியெல்லாம் விழித்துப் படித்து வாங்கிய சீட்டு, பெற்றவளின் ஒரு வாய்ப்பேச்சில் போய்விடும் போலிருந்தது. போய்விட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு மகளின் பெரியப்பாவைப் பார்க்கப் போனாள். அவர் குழாய், ஆணி, பூட்டு விற்கும் கடை வைத்திருந்தார். பருத்த சரீரம், கல்லாவுக்கும் சுவருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கடைப் பையனை வெளியே அனுப்பினார்.

“எழுத்துல கேக்கறாங்களா?”

“ஆமா மாமா. உங்க தம்பி எங்களை விட்டுட்டுப் போயிட்டாருன்னு ரெண்டு வரி. அவ்வளவுதான்.”

“வாயால சொல்லலாம். எழுத்துல எப்படிம்மா? என் பொண்ணுக்கு இப்பதான் ஒரு இடம் பேசி முடிவாகற நேரம். சித்தப்பா ஓடிப்போனவர்னு நானே கையெழுத்துப் போட்டு ஆபீஸ்ல குடுத்தா, நாளைக்கு அவங்க என்ன நினைப்பாங்க?”

“என் பொண்ணு படிப்பு போயிடும் மாமா.”

“படிப்பு எங்க போகுது? ஆறு மாசக் கோர்ஸ் ஏதாவது படிக்கட்டும். தையல் இருக்கு, டைப்பிங் இருக்கு. உன்னை நாங்க விட்டா குடுத்தோம்? எந்த விசேஷமானாலும் உன்னை முன்வரிசையில உக்கார வெச்சு, தம்பிக்கு லீவு கிடைக்கலைன்னு நாலு பேர் கேக்கச் சொல்றேன்ல? இந்த மரியாதையை யாரு செய்வா?”

உண்மைதான், அந்த மரியாதையில் அவர் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. செலவில்லாத மரியாதை என்பதால் தாராளமாகவே செய்துவந்தார். கண்ணாடிக்காரி எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் ஆத்திரம் பொங்கியது. ஓடிப்போனவன் நிம்மதியாக இருக்கிறான், அவனுடைய மானத்துக்கு நான் ஏன் சோப்புப் போட வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷமாகத் தோன்றாமல் இப்போது தோன்றியதே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

மிச்சம் இருந்தது அக்கம்பக்கம்தான். அவர்களிடம் போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டுமென்றால், முதலில் இத்தனை நாள் சொன்னதெல்லாம் புளுகு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அவளுக்கு நாலு நாள் பிடித்தது. புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் தண்ணீர் பிடிக்க மாடித் தொட்டியடியில் கூடியிருந்தபோது, குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

“உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்காரர் வெளியூர்ல இல்ல.”

ஆயாவாக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எதிர்வீட்டுக்காரி குழாயை நிறுத்தினாள். பஸ் டிப்போவில் வேலை செய்பவரின் மனைவியான மேல்வீட்டுக்காரி துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரியுமே” என்றாள் மேல்வீட்டுக்காரி.

“என்ன தெரியும்?”

“அவர் போயிட்டாருன்னு. நீ குடிவந்த முதல் வருஷமே தெரியும்.”

கண்ணாடிக்காரிக்குக் காதில் விழுந்தது நம்ப முடியாமல் இருந்தது. “தெரிஞ்சுமா போன வாரம்கூட ‘அண்ணன் வந்தாரா, நல்லா இருக்காரா’ன்னு கேட்டீங்க?”

“நீங்க ஆசையா சொல்றீங்க. கேக்கலைன்னா தப்பா நினைச்சுக்குவீங்களேன்னு கேட்டோம்” என்றாள் எதிர்வீட்டுக்காரி. “ஏரியா மேனேஜர் ஆனப்ப ஸ்வீட் கேக்கலாமான்னு எங்களுக்குள்ள ஒரு யோசனை. பாவம், செலவு வெக்க வேணாம்னு விட்டுட்டோம்.”

“எப்படித் தெரியும்?”

“சட்டையைப் பாத்துத்தான்” என்றாள் மேல்வீட்டுக்காரி. “உன் வீட்டுக்காரரை நான் கல்யாண போட்டோவுல பாத்திருக்கேன். ஈர்க்குச்சி மாதிரி இருப்பாரு. அந்தச் சட்டைக்குள்ள அவரை மாதிரி ரெண்டு பேர் தாராளமா நிக்கலாமே, அக்கா.”

பெரியப்பாவின் சட்டை. அவருடைய உடம்புக்குத் தைத்த சட்டை. அவளுக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை. ஊரில் யாருக்கு எந்தக் கண்ணில் எவ்வளவு பார்வைக் குறைவு என்று பார்த்துப் பொருத்துகிறவள், கொடியில் தொங்கியதைச் சரியாகப் பார்க்கவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணில் நீர் முட்டியது. யாரை ஏமாற்ற இத்தனை சோப்பு, இத்தனை வாரம்? ஏமாந்தவள் அவள் ஒருத்திதான்.

“வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடுவீங்களா?”

“போடாம?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. மேல்வீட்டுக்காரி பிழிந்த துணியை உதறிவிட்டுத் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை அலுவலர் வருவதற்கு முன்பே பெரியப்பா வந்து உட்கார்ந்திருந்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. அலுவலர் உள்ளே நுழைந்ததும் அவரே முந்திக்கொண்டார்.

“நான் பொண்ணோட பெரியப்பாங்க. ஒரு சின்னக் குழப்பம். தம்பி வெளியூர்லதான் இருக்கான், சீக்கிரம் மாற்றல் வாங்கிட்டு வந்துடுவான்.”

அலுவலர் சலிப்போடு பேனாவைத் திறந்தார். மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கண்ணாடிக்காரியின் நாக்கு பழைய பழக்கத்தில் ஒரு கணம் அசைந்தது. அதை அடக்கிக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

“சார், போன வாரம் நான் பொய் சொன்னேன். இவரு சொல்றதும் பொய்தான், எனக்கு சொல்லிக் குடுத்ததே இவருதான். என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போய் பத்து வருஷம் ஆகப்போகுது. இன்னொரு குடும்பம் இருக்கு. மேனேஜர் எல்லாம் கிடையாது, நானா குடுத்த பதவி.”

“குடும்ப மானத்தை இப்படித் தெருவுல போடறியேம்மா” என்றார் பெரியப்பா, குரலைத் தாழ்த்தி.

“அது உங்க வீட்டு மானம் மாமா. இத்தனை நாள் நான் பத்திரமா பாத்துக்கிட்டேன். இனிமே நீங்களே வெச்சுக்கங்க.”

பெரியப்பா எழுந்து போய்விடுவார் என்று மகள் எதிர்பார்த்தாள். போகவில்லை. வாசலில் எதிர்வீட்டுக்காரியும் மேல்வீட்டுக்காரியும் நின்றிருந்ததால், அவர்களைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எதிர்வீட்டுக்காரி முதலில் கையெழுத்துப் போட்டாள். அலுவலர் சரிபார்த்து, அடுத்த சாட்சியும் பக்கத்திலேயே நிற்பதால், பெண்ணின் பெயருக்கு நேராக ‘தகுதி உண்டு’ என்று அப்போதே எழுதி முத்திரை குத்தினார். மகள் அம்மாவின் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அந்த வலி அவளுக்கு இதமாக இருந்தது.

அடுத்து மேல்வீட்டுக்காரி குனிந்து பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடாமல் அலுவலரை நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், என் பையனுக்கும் அப்ளிகேஷன் போட்டிருந்தோம். அவன் அப்பா சம்பளம் ஜாஸ்தின்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவரு ஒத்தை ரூபா வீட்டுல தர்றதில்ல. எல்லாம் குடிச்சே போயிடுது. நான் நாலு வீட்டுல சமைச்சுத்தான் ஓடுது. அதுக்கு இந்த மாதிரி சாட்சி வெச்சு எழுத முடியாதா?”

“அவர் உங்களோடதானே இருக்கார்?”

“ஆமா. சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா வந்துடுவாரு.”

“கூட இருந்தா அவர் வருமானம் சேரும்மா. விதி அப்படி. விட்டுட்டுப் போயிருந்தாதான் கழிக்கலாம்.”

மேல்வீட்டுக்காரி அவர் காட்டிய இடத்தில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்காரியைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ குடுத்து வெச்சவ, அக்கா” என்றாள்.

அவள் கேலியாகச் சொல்லவில்லை. தாலி ஏறிய நாளிலிருந்து கண்ணாடிக்காரியைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.