பந்தைத் தொடாத சாம்பியன்கள்

மாவட்டக் கால்பந்தின் கடைசி டிவிஷனில் அந்த வருஷம் தோல்வியே காணாத அணி ஒன்றுதான். ஓடைக்கு அந்தப் பக்கம், ஊர்க்காரர்கள் ஜிப்ஸிகள் என்று ஒதுக்கிவைத்த ரோமா மக்களின் குடியிருப்பு அணி. ஐந்து ஆட்டம், ஐந்து வெற்றி, ஒவ்வொன்றும் மூன்றுக்குப் பூஜ்யம். கேப்டனும் கோல்கீப்பருமான டெஸோ ஒரு கோல்கூட விடவில்லை. விட வேண்டுமென்றால் யாராவது அடித்திருக்க வேண்டும். எதிரணி எதுவும் வரவேயில்லை.

ஒரு ஊருக்கு பஸ் ரிப்பேர். இன்னொரு ஊரில் உருளைக்கிழங்கு தோண்டும் நாள். மூன்றாவது ஊரில் பதினோரு பேருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வயிற்றுப்போக்கு. வராத அணி தோற்றதாகவும் வந்து நின்ற அணி மூன்று கோல் போட்டதாகவும் எழுதிக்கொள்வது சங்கத்து விதி. டெஸோவின் ஆட்கள் ஐந்து ஞாயிறும் கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டார்கள், சீருடை மாட்டினார்கள், ரெஃப்ரியோடு கால் மணி நேரம் சும்மா நின்றார்கள், ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

டாக்டர் கமில் ரெப்காவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. 'விளையாட்டால் இணைவோம்' திட்டத்தின் இயக்குநர் அவர். அணிக்கு ஆரஞ்சு நிறச் சீருடை கொடுத்தவரும் அவரே. நகராட்சித் தெருவைக் கூட்டும்போது வாரம் முழுக்க டெஸோ மாட்டிக்கொள்வதும் அதே ஆரஞ்சுதான் என்பது அவர் கவனத்துக்கு வரவில்லை. நூறு சதவீத வெற்றி என்று தலைநகருக்கு அறிக்கை போயிருந்தது.

"டாக்டர் சார், இணைஞ்சோம் இணைஞ்சோம்னு எழுதியிருக்கீங்களே, யாரோட இணைஞ்சோம்?" என்று டெஸோ கேட்டான்.

"அது இரண்டாம் கட்டம், டெஸோ."

டெஸோவுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆட்டம். அதற்கு மிச்சமிருந்ததும் ஒரே ஒரு ஞாயிறுதான். பனி விழுந்தால் அணியில் பாதிப் பேர் செக் நாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் வசந்தத்தில் திரும்புவார்களா என்று அவர்களுடைய மனைவிமாருக்கே தெரியாது.

அந்த ஞாயிறு கமெனிச்சா ஊர் அணி நிஜமாகவே வந்து இறங்கியது. ஆசைப்பட்டு வரவில்லை. வேறு இரண்டு ஊர்களுக்குப் போகாமல் டிமிக்கி கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது முறையும் போகாவிட்டால் லீக்கைவிட்டே தூக்கிவிடுவார்கள். பல் பிடுங்கப் போகிறவர்கள் மாதிரி பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். கறிக்கடை வைத்திருக்கும் அவர்களுடைய கேப்டன் இம்ரிச், வந்ததும் ரெஃப்ரியிடம் போனான்.

"விதிப்படி போவோம். ஆட்டக்காரங்க அட்டையைப் பார்த்துப் பேர் கூப்பிடுங்க. பேரைக் கேட்டதும் முன்னால வந்து நின்னு, பொறந்த தேதி சொல்றவன்தான் ஆடணும். ஏழு பேருக்குக் கீழே போனா ஆட்டம் இல்ல."

அவனுக்கு விவரம் தெரிந்திருந்தது. குடியிருப்பில் யாரையும் சர்க்கார் பெயரால் கூப்பிடும் வழக்கம் இல்லை. தொட்டிலிலேயே வேறு பெயர் ஒட்டிக்கொண்டுவிடும். இடது பக்கம் ஓடுகிறவன் பாபின், அதாவது வாத்து. நடுவில் ஆடுகிறவன் மாச்சோ, மீன். அட்டையிலுள்ள படங்களும் உதவவில்லை. டாக்டரின் உதவியாளர் கூட்டமாக எடுத்த ஒரே படத்திலிருந்து வெட்டி ஒட்டியவை அவை. பெரும்பாலானவற்றில் ஒரு காதும் பக்கத்து ஆளின் தோளும் இருந்தன.

"டெசிடெர் கின்யா," என்றார் ரெஃப்ரி.

டெஸோ முன்னால் வந்து தேதி சொன்னான்.

"பர்தலோமே துங்கா."

யாரும் அசையவில்லை.

"பர்தலோமே துங்கா!"

"எவன்டா அது பர்தலோமே?" பாபின்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினான். "இன்னிக்குப் பார்த்து வராம இருக்கான் பாரு, சோம்பேறி!"

அடுத்த மூன்று பெயருக்கும் அதே மௌனம். இம்ரிச் ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான்.

டாக்டர் ரெப்கா டெஸோவின் தோளில் கை வைத்தார். மறு கையில் 'தோல்வி அறியாதவர்கள்' என்று பொறித்த கோப்பை. "கவலைப்படாதே. ஆடித் தோத்தாதான் தோல்வி. ஆடாம தோத்தா அது நிர்வாகச் சிக்கல். அறிக்கையில சமாளிச்சுடலாம்."

டெஸோ அந்தக் கையை எடுத்துவிட்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த மேட்டைப் பார்த்து ஓடினான்.

"இலோனா சித்தி! ஆஸ்பத்திரில எழுதின பேரு உங்களுக்குத்தானே தெரியும்! எல்லா அம்மாவும் இறங்கி வாங்க!"

இலோனா இடுப்புக் குழந்தையோடு இறங்கி வந்தாள். ரெஃப்ரி மறுபடி பர்தலோமே என்றதும் பாபினின் பிடரியில் ஓர் அடி விழுந்தது.

"நீதான்டா அந்தச் சோம்பேறி! பிப்ரவரி ஒன்பது, காலைல நாலு மணி. பனியில ஆம்புலன்ஸ் ஓடைக்கு அந்தாண்டையே நின்னுருச்சு, நான் இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு நடந்தே..."

"தேதி போதும்மா," என்றார் ரெஃப்ரி.

"பிப்ரவரி ஒன்பது," என்றான் பாபின், பிடரியைத் தடவியபடி.

"இது செல்லாது! அம்மா சொல்லிக்கொடுத்து சொல்றான்!" என்று இம்ரிச் குதித்தான்.

இலோனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு உன் பொறந்த தேதிய யாரு சொன்னா? கூட இருந்து நீயே பார்த்தியா?"

கமெனிச்சாக்காரர்களே சிரித்துவிட்டார்கள். ரெஃப்ரி பெயருக்கு நேரே டிக் அடித்தார். அட்டைகளும் அம்மாக்களும் ஒத்துப்போனதில் ஒன்பது பேர் தேறினார்கள்.

ரெஃப்ரி விசில் ஊதினார்.

நாலாவது நிமிஷம் இம்ரிச் அடித்த பந்து டெஸோவின் விரலைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது. சேற்றில் குப்புறக் கிடந்தவன் எரியும் விரலைப் பார்த்துச் சிரித்தான். ஆறு ஆட்டத்தில் அவன் கையில் பட்ட முதல் பந்து. நான்காவது கோலோடு டாக்டர் ரெப்கா அவசர மீட்டிங் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவந்தார். கோப்பையும் அவரோடு காரில் ஏறிப் போனது.

எட்டுக்கு ஒன்று என்று முடிந்தது. அந்த ஒன்று பாபின் போட்டது. அதற்காக விசிலுக்குப் பிறகும் இம்ரிச் அடங்கவில்லை.

"அது ஆஃப்சைடு! ஒரு மைல் ஆஃப்சைடு! கண்ணு இல்லையா உங்களுக்கு?"

அதைக் கேட்க டெஸோவுக்கு இனித்தது. ஊர்க்காரர்கள் அவர்களை எத்தனையோ காரணத்துக்காகத் திட்டியிருக்கிறார்கள். ஆஃப்சைடுக்காக ஒருவன் திட்டுவது இதுதான் முதல் முறை.

"எட்டு கோல் போட்டுட்டு ஒண்ணுக்கு அழறியே, கறிக்கடைக்காரா," என்றான்.

"டேய் பர்தலோமே! நில்லுடா!" என்று இம்ரிச் கத்தினான்.

பாபின் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தான்.

"பாபின்னு கூப்பிடு. அப்பதான் திரும்புவான்," என்றான் டெஸோ.

"டேய் பாபின்! வசந்தத்துல எங்க மைதானத்துக்கு வருவேல்ல, அப்ப வச்சுக்கறேன் உன்னை!"

பாபின் திரும்பிக் கையை ஆட்டினான். டெஸோ இம்ரிச்சின் பக்கம் நகர்ந்தான்.

"எந்த ஞாயிறுன்னு சொல்லு," என்றான். "தொழிற்சாலைக்குப் போகாம இவனுங்களை நான் நிறுத்தி வைக்கணும்."