அழுக்கு செய்த வேலை

அவளுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் எப்போதும் அவள் பைதான் உட்கார்ந்திருக்கும்.

மரபணுக்கள் எல்லாம் எப்போதும் விழித்திருப்பதில்லை. உடம்பு சிலவற்றின் மேல் சின்ன வேதி முத்திரை குத்தித் தூங்க வைத்துவிடும். தூங்கக் கூடாதது தூங்கிவிட்டால் புற்றுநோய் தலைதூக்கும். முத்திரை குத்தும் நொதியின் கையைக் கட்டிப்போட ஒரு மூலக்கூறு தேடி அவள் பல வருடம் அலைந்தாள். கடைசியில் கிடைத்தது. தட்டில் வளரும் செல்கள் மேல் அதைச் சொட்டினால், தூங்கிய மரபணு எழுந்து, நுண்ணோக்கியின் கீழ் பச்சையாக ஒளிர்ந்தது. கட்டுரை வந்தது. பேர் வந்தது. பெரிய மாநாடு ஒன்றில் பேச அழைப்பும் வந்தது.

அதற்குமுன் இன்னும் சில சோதனைகள் செய்துவிடலாமென்று, அந்த மூலக்கூறைப் பொடியாகப் புதிதாகக் கொஞ்சம் தயாரித்துத் தரும்படி மேல்மாடி வேதியியலாளரிடம் கேட்டாள். கை கழுவிய பிறகு குழாயையும் கழுவுகிறவர் அவர். 'சுத்தம் சார்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் கொடுத்த பொடி வெள்ளை வெளேரென்று இருந்தது.

செல்கள் இருட்டாகவே கிடந்தன.

புது செல், புதுத் தட்டு என்று மறுபடி செய்தாள். கும்மிருட்டு. பழைய பொடி இருந்த குப்பியில் ஒட்டியிருந்த மஞ்சள் மிச்சத்தைக் கரைத்துச் சொட்டினாள். பச்சை பளிச்சென்று எரிந்தது.

மாடிப்படியைத் தாவித் தாவி ஏறினாள்.

"சார், என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க? உங்க பொடி வேலையே செய்யல!"

"என் பொடில ஒரு குறையும் இல்ல மேடம். நீங்க கேட்ட மூலக்கூறு மட்டும்தான் இருக்கு. பழசுல கொஞ்சம் அழுக்கு இருந்துச்சு. இதுல அதுவும் இல்ல."

சொல்லி முடித்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்க ஆரம்பித்தாள்.

வீட்டிலும் அதே நடைதான்.

"அம்மா, உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது," என்றாள் மகள்.

கணவர் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். தட்டுகளைத் துடைத்தபடி கேட்டார். "அப்ப உன் மூலக்கூறு ஒண்ணுமே செய்யலையா?"

"அது சும்மா கூடவே வந்திருக்கு. வேலை செஞ்சது அழுக்கு. நான்தான் ஆள் மாறி மாலை போட்டுட்டேன்."

"மாநாட்டுல பேசிட்டு வந்து அப்புறம் சொல்லக் கூடாதா?"

"எத்தனை பேர் அத நம்பி வேலை செஞ்சுட்டிருக்காங்க, தெரியுமாங்க?"

அவர் அடுத்த தட்டை எடுத்தார்.

மஞ்சள் மிச்சத்தை அவளும் சுத்தம் சாரும் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஒரே ஒரு சோதனைக் குழாயில் இருந்தது மட்டும் செல்களை எழுப்பியது. ஈரக்காற்றுப் பட்டு மூலக்கூறு உடைந்ததில் வந்த சின்னத் துண்டு அது. இன்னொரு சோதனையில் அதைவிடப் பெரிய இடி விழுந்தது. அந்தத் துண்டு நொதியைத் தொடவே இல்லை. மரபணுவை அது எந்த வழியாகவோ எழுப்பிக்கொண்டிருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாக ஆய்வுக்கூட இயக்குநரிடம் சொன்னாள்.

"உங்க தலைல நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க," என்றார் அவர்.

"வேற யாராவது போடறதுக்கு முன்னாடி நானே போட்டுக்கறேன் சார்."

மாநாட்டுக்குப் போனாள். மேடையில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். முடித்தாள். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

"எங்க லேப்லயும் அது வேலை செய்யல. எங்க கைதான் சரியில்லன்னு நெனச்சு, வெளிய சொல்லாம இருந்தோம். ஒருத்தர் இதனாலயே ஆராய்ச்சிய விட்டுட்டுப் போயிட்டாரு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் போனாள். "அவர் எங்க இருக்காரு? நான் பேசணும்," என்றாள்.

பேசினாள். ஆராய்ச்சியை விட்டுப்போனவர் கோபப்பட்டார், பிறகு கேள்விகள் கேட்டார், கடைசிவரை திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. கட்டுரை நீக்கப்பட்டது. அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. பின்வரிசைப் பெண்ணும் அவளும் சேர்ந்து இப்போது அந்தத் துண்டு மரபணுவை எழுப்பும் வழியைத் துரத்துகிறார்கள். பிடிபட்டது போலிருக்கும், சாயங்காலத்துக்குள் நழுவிவிடும்.

"கிடைச்சுதா?" என்றார் கணவர், ஒரு காலையில்.

"கிடைச்ச மாதிரி இருக்கு."

"மாதிரியா?"

"மாதிரிதான்," என்று பாதி வாசலில் நின்று சொல்லிவிட்டு, காப்பியை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.